மூன்றே முக்கால் மணி நேரம்

எங்கள் ஊரிலிருந்து மதராசுக்குப் பேருந்தில் எட்டு மணி நேரம். மதராசிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் மூன்றே முக்கால் மணி நேரம். கடலைத் தாண்டி ஆயிரத்து அறுநூறு மைல் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று நான் நம்பவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஜவுளி வியாபாரியிடம் இரண்டு தடவை கேட்டேன். மாதம் ஒருமுறை போய்வருகிற மனிதர் அவர். "ஏன் சார், உங்களுக்கு அவ்வளவு நேரம் போதாதா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் மலேயா என்றால் கப்பலில் எட்டு நாள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பெண் தேடி ஊருக்கு வந்த மாரிமுத்து அத்தான் என் அக்கா செல்லம்மாவைக் கட்டிக்கொண்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி இருபத்தொரு வருஷம் ஆகிறது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அக்கரைச் சீமைக்குப் போனவள் போனவள்தான். அதற்குப் பிறகு அவள் எங்களுக்குக் கையெழுத்தாகத்தான் இருந்தாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடியில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். கும்பகோணத்துப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் போட்டு வாழ்ந்த மனிதர். இனி நாள் கணக்குத்தான் என்றார் டாக்டர். செல்லம்மாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. நான் மதராசில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. "அப்பா சீரியஸ், உன்னை அழைத்துப்போக வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு தந்தி அடித்தேன். பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் அலைந்ததில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. கடைசியில் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு, மறுநாள் காலை விமானம் ஏறினேன்.

கோலாலம்பூரில் இறங்கினால் என் கைக்கடிகாரம் பன்னிரண்டே முக்கால் என்கிறது, சுவர்க் கடிகாரம் மூன்றேகால் என்கிறது. இங்கே எல்லாரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் பிறந்தவர்கள். சுங்க அதிகாரி என் துணிப்பையைத் திறந்து, வாழை மட்டையில் கட்டியிருந்த வெற்றிலைக் கவுளியை எடுத்துப் பார்த்தார். அப்பா கொடுத்தனுப்பியது. சுங்க அதிகாரி பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்ட, இருவரும் சிரித்தார்கள். வெற்றிலையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்தேன். பையைத் திருப்பிக் கொடுத்து விட்டுவிட்டார்கள். பின்னால் நின்ற ஜவுளி வியாபாரியிடம் என்ன சொன்னார்கள் என்று விசாரித்தேன். "இந்த வயசில் பெண் கேட்கப் போகிறார் போலிருக்கிறது, வழிவிடு என்கிறார்கள். மலாய்க்காரர்கள் பெண் கேட்க வெற்றிலைதான் கொண்டுபோவார்கள்" என்றார்.

அன்று தங்கிய விடுதிக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. வாழையிலை, மீன் குழம்பு, ரசம், அப்பளம். பரிமாறியவர் மன்னார்குடிப் பக்கத்துப் பேச்சு பேசினார். பல் தேய்த்த வாய் காய்வதற்குள் கடலைத் தாண்டி வந்து அதே ரசத்தைக் குடிப்பது எனக்கு ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருந்தது.

மறுநாள் விடியும்போதே பேருந்து. தாப்பா என்ற ஊரில் இறங்கி, மலைக்குப் போகிற வேறொரு பேருந்தில் ஏறினேன். முப்பத்தைந்து, நாற்பது மைல்தான் என்றார்கள். அந்த நாற்பது மைலில் எத்தனை வளைவு என்பதை யாரும் சொல்லவில்லை. பத்தாவது வளைவில் முதல் நாள் ரசமும் அன்றைய இட்டிலியும் வெளியே வந்துவிட்டன. முன் இருக்கையில் இரண்டு மலாய்ப் பெண்கள் திரும்பிப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்தவர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவரைக் கேட்டேன். "இந்தியாவிலிருந்து வருகிற ஆளாம், கடல் தாங்கியதாம், மலை தாங்கவில்லையாம் என்கிறார்கள்" என்று சிரிக்காமல் சொன்னார். சிரிக்காமல் சொன்னதற்காக அவரை மன்னித்தேன்.

தானா ராத்தா என்ற மலை ஊரில் இறங்கியபோது நடுப்பகல்கூட ஆகவில்லை, ஆனால் மார்கழி மாதிரி குளிர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் கடை. ரொட்டி சானாய் என்று பரோட்டாவின் தம்பி ஒன்றைப் பருப்புக் குழம்போடு வைத்தார்கள். தேநீரை ஒரு கை உயரத்திலிருந்து ஆற்றி நுரைக்க நுரைக்கக் கொடுத்தார் கடைக்காரர். ராமநாதபுரத்துக்காரர். எந்தத் தோட்டம், யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"செல்லம்மா தம்பியா நீங்க? ஒங்க தகப்பனாரு மவுத்தாயிட்டாகன்னு சேதி வந்துச்சு. மனசத் தேத்திக்கங்க தம்பி. லயத்து ஆளுக எல்லாம் இன்னைக்கு அங்கனதான் இருக்காக."

முந்தாநாள் காலையில் நான் புறப்படும்போது அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் விமானத்தில் பறந்த நேரத்தில் அவர் போய்விட்டார், தந்தி என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் கடல் கடந்து வந்து பரோட்டா தின்றுகொண்டிருக்கிறேன். அந்தக் கடையில், அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். யாரும் என்னை வேடிக்கை பார்க்கவில்லை. அந்த மரியாதையை இன்றும் மறக்க முடியவில்லை.

பாய்தான் காய்கறி லாரி ஒன்றை நிறுத்தி ஏற்றிவிட்டார். சீன ஓட்டுநர். காலிக் கூடைகளோடு, அக்கா இருந்த தோட்டத்து வழியாகக் கோலா தெர்லாவுக்குத் திரும்பிப் போகிற லாரி. பாய் என் சங்கதியை அவரிடம் மலாயில் சொல்லியிருக்க வேண்டும். திரிங்காப் பக்கம் முட்டைக்கோசுத் தோட்டங்கள் வந்தபோது அவர் ஒரு சிகரெட்டை நீட்டி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார்: "பாவம்லா." எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய தோட்டத்து லயன் வீடுகளுக்கு முன்னால் நீலப் படுதா கட்டியிருந்தது. பெரிய அண்டாக்களில் சோறு. நாற்பது, ஐம்பது பேர். நான் பையோடு நடந்து வருவதைப் பார்த்ததும் பெண்கள் குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள். வாசற்படிக்கு நேரே நாற்காலியில் அப்பாவின் படம். அக்கா கல்யாணத்தில் எடுத்ததிலிருந்து வெட்டியது, தோளில் வேறு யாரோ ஒருவருடைய கை இருந்தது. மாலை போட்டு, குங்குமம் வைத்து, விளக்கேற்றியிருந்தார்கள். நான் படத்துக்கு முன்னால் விழுந்தேன்.

பெருமாள் கங்காணி என்று ஒரு பெரியவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். "எந்திரிங்க தம்பி. பதினாறுக்குச் சரியா வந்து சேந்துட்டீங்க. அதுவே பெரிசு" என்றார்.

பதினாறு என்ற சொல் என் காதில் விழுந்து, மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எதற்குப் பதினாறு என்று கேட்டேன். இன்று பதினாறாம் நாள் காரியம் என்றார். யாருக்கு என்று கேட்டேன். கூட்டம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு அம்மாள் சொன்னது நன்றாகவே கேட்டது. இன்னொரு குரல் வேறு விஷயத்தைக் கவனித்திருந்தது: "அப்பனுக்குக் கொள்ளி போட்டவன் மொட்டையும் அடிக்கல, மீசையும் எடுக்கல, பாத்தியா?" மதராசுக்குப் போனவன் கறுப்புச் சட்டைக்காரன் ஆகியிருப்பான் என்று அதற்கு ஒருவர் விளக்கம் கொடுத்தார்.

அத்தான் உள்ளேயிருந்து தந்தியை எடுத்து வந்தார். நான் அடித்த அதே தந்தி. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார். அவரும் அங்கேதான் இருந்தார். "சீரியஸ்னுதானே போட்டிருக்கேன்" என்றேன். கிராணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"செத்துட்டாருன்னு எந்தத் தந்தியில சார் எழுதியிருக்கான்? எங்க தோட்டத்துக்கு வந்த எல்லாத் தந்தியிலயும் சீரியஸ்தான். ஒருத்தர்கூட பொழைச்சதில்ல."

எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. நம் ஊரிலும் அப்படித்தானே? சீரியஸ் என்று தந்தி வந்தால் சேதியைப் படித்து முடிக்கும் முன் பெண்கள் மார்பில் அடித்துக்கொள்வார்கள். சாவைத் தந்தியில் எழுதுகிற வழக்கமே நம்மிடம் கிடையாது. நாற்பது வயசுக் குமாஸ்தா, உள்ளதை உள்ளபடி எழுதித் தந்தியடித்து, உயிரோடு இருக்கிற தகப்பனைக் கடலுக்கு இந்தப் பக்கம் கொன்றுவிட்டேன். ஏற்கெனவே நான் எழுதிய கடிதத்தைப் பார்த்து அக்கா பாஸ்போர்ட் எடுத்து, கப்பலுக்கு விசாரித்துக்கொண்டிருந்தாளாம். தந்தி வந்ததும் இனிமேல் யாரைப் பார்க்கப் போவது என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். நான் கூட்டத்தில் தேடியது இருபது வயசுப் பெண்ணை. வந்தவளுக்கு முன்தலை நரைத்திருந்தது, விரல்களில் தேயிலைக் கறை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, கடைசியா என்னைக் கேட்டாரா?" என்றாள்.

அப்பா சாகவில்லை, முந்தாநாள் காலையில் கஞ்சி குடித்தார் என்று சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டாள்.

"முந்தாநாளா? கப்பல் எட்டு நாளுடா. எனக்குக் கணக்குத் தெரியாதுன்னா பேசுறே? அம்மாவுக்கும் இப்படித்தானே பண்ணே. ஒடம்பு சரியில்லன்னு ஒரு கடுதாசி, எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் ஒரு கடுதாசி. என்னை ஏமாத்திக் கூட்டிட்டுப் போயி வெறும் வீட்டைக் காட்டப் போறியா?"

கப்பலில் வரவில்லை, விமானத்தில் மூன்றே முக்கால் மணி நேரம் என்றேன். அத்தான் உட்பட ஒருத்தரும் நம்பவில்லை. விமானம் துரைமாருக்கு, அது லண்டனுக்குப் போகிறது என்பது அவர்கள் எண்ணம். நான் சத்தியம் செய்தேன். விமான டிக்கெட்டின் அடிக்கட்டையைக் காட்டினேன். கிராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேதி சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு மாதிரி இழுத்தார். தேதியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று கூட்டம் அதையும் ஏற்கவில்லை.

பையில் இருந்த கவுளி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அக்கா மட்டையைப் பிரித்தாள். வெற்றிலை பச்சை மாறாமல் இருந்தது, கிள்ளினால் தண்ணீர் வரும் போல. கப்பலில் வருகிற வெற்றிலை பினாங்குக்கு வரும்போதே மஞ்சளாகி அழுகிவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அக்கா பார்த்தது இலையை மட்டுமல்ல. அப்பா வெற்றிலை அடுக்குவதில் ஒரு வழக்கம் உண்டு. காம்புகளை ஒரே பக்கம் வைக்காமல், பத்துக்கு ஒரு தடவை திருப்பிவைத்து அடுக்குவார், நாரை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகுவார். படுத்தபடியே, நடுங்குகிற விரலால் கட்டியிருந்தார். முடிச்சு தளர்ந்திருந்ததே தவிர அதே முடிச்சு. கொடிக்காலில் அவரோடு உட்கார்ந்து கட்டிய பெண்ணுக்கு அது தெரியாமல் போகுமா?

"இது அப்பா கட்டுனது," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "ரெண்டு நாள் எலை."

அதற்குப் பிறகு நடந்ததைக் கல்யாணக் கலவரம் என்றுதான் சொல்ல வேண்டும். கங்காணி ஓடிப்போய்ப் படத்திலிருந்து மாலையைப் பிடுங்கினார். ஒரு பெண் முந்தானையால் அப்பாவின் நெற்றியைத் துடைத்தாள். செத்ததாகச் சேதி பரவியவனுக்கு ஆயுசு கெட்டி என்று எல்லாரும் எல்லாருக்கும் சொன்னார்கள். இவ்வளவு சோற்றையும் வடையையும் பாயசத்தையும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்குப் படைத்ததைச் சாப்பிட யாருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் கங்காணி விளக்கை மாரியம்மன் படத்துக்கு முன்னால் மாற்றி வைத்து, அவளுக்கே மறுபடி படைத்து, "இப்ப பசியாறலாம்" என்று உத்தரவு கொடுத்தார். தகப்பன் உயிரோடிருக்க அவருடைய பதினாறாம் நாள் வடையை நான்கு தின்ற மகன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் அக்கா லீவு சொல்லப் போனபோது நானும் தேயிலை மலைக்குப் போனேன். சேதி முந்திக்கொண்டு போயிருந்தது. நிரைகளுக்கு நடுவே பெண்கள் கொழுந்து வெட்டுகிற கத்தரியை நிறுத்திவிட்டு, மெய்தானா என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு அம்மாள், கொழுந்து நிறுக்கிற நேரத்தை வைத்து, தன் அறிவுக்கு எட்டிய கணக்கில் கேட்டாள்: "காலைச் சங்கு ஊதுனதும் கெளம்புனா, மொத நிறுவைக்குள்ள ஊருக்குப் போயிரலாமா?" போய்விடலாம் என்றேன். அவளுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தங்கை இருக்கிறாளாம். போய்வர ஒரு மாதம் ஆகும், எந்தத் துரை அத்தனை நாள் லீவு கொடுப்பான் என்று முப்பது வருஷம் அவள் போகவே இல்லை. அவள் அழவில்லை, கோபப்பட்டாள். யார் மேல் என்று அவளுக்கும் தெரியவில்லை. இத்தனை பேரில் ஒருவர்கூட எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பார்த்ததில்லை என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு எவ்வளவு யோக்கியதை இருந்தது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் முட்டைக்கோசு லாரி ஒன்றில் ஏறி மலையை விட்டு இறங்கினோம். பாதி மலையில் ஒரு வளைவில் லாரி நின்றுவிட்டது. எஞ்சின் விசிறிப் பட்டை அறுந்ததாம். புதிது வாங்க ஓட்டுநர் வேறொரு லாரியில் தொற்றிக்கொண்டு போனார். ஐந்து மணி நேரம் நானும் அக்காவும் கோசு மூட்டைகளுக்குக் காவல் இருந்தோம். கடலைத் தாண்ட ஆன நேரத்தைவிட நாற்பது மைல் மலையை இறங்க அதிக நேரம் ஆயிற்று. அக்கா ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: அப்பா தாங்குவாரா? தாங்குவார் என்று நான் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நாங்கள் சேர்வதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டால் இவள் என்னை இந்த ஜென்மத்தில் நம்பமாட்டாள் என்று பயந்தேன்.

விமானத்துக்கு அவள் மூன்று டிபன் டப்பா நிறையப் புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் ஒரு ஜமுக்காளமும் கொண்டு வந்திருந்தாள். கப்பலில் கீழ்த்தட்டில் விரித்துப் படுத்து வந்தவள். பணிப்பெண் கொண்டு வந்த தட்டைத் தொடவில்லை, பசித்ததும் நம் சோற்றைச் சாப்பிடலாம் என்றாள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். காலை பத்து மணிக்குக் கிளம்பிய விமானம் தரையைத் தொட்டபோது, வெளியே சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். இரண்டரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள். எண்ணெய் போடுவதற்கு நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டாள். மதராஸ் வந்துவிட்டது என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"பொய் சொல்லாத தம்பி. நான் இன்னும் சோத்தைக்கூடப் பிரிக்கலையே" என்றாள்.

ஊருக்குப் பேருந்தில் எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் அவள் என்னோடு எட்டு வார்த்தைகூடப் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இருந்தார். கட்டிலில், நான் விட்டுப்போன பக்கமாகவே திரும்பிப் படுத்திருந்தார். அக்கா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவளுடைய நரைத்த முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயணம் கஷ்டமாக இருந்ததா, கப்பலில் எத்தனை நாள் என்று அவளைக் கேட்டார்.

"கப்பல் இல்லப்பா. ஏரோப்ளேன். மூணே முக்கா மணி நேரம்."

அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒங்கம்மா செத்தப்ப இவளை ஏன்டா கூப்புடல?"

அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. செல்லம்மா வரட்டும் என்று அப்பா அன்று வாசலில் உட்கார்ந்து பிடிவாதம் பிடித்தார். கப்பல் எட்டு நாள், உடம்பு தாங்காது, எடுத்துவிடலாம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன் நான். அப்போதும் என் வீடு மதராசில் பல்லாவரத்தில்தான் இருந்தது. விமானங்கள் என் மொட்டை மாடியை உரசுகிற மாதிரித்தான் போகும். நடந்து போகிற தூரத்தில் விமான நிலையம். எங்கே போகிறது, எவ்வளவு நேரம் என்று ஒரு நாளும் போய்க் கேட்டதில்லை.

கேட்கத் தோன்றவில்லை அப்பா என்றேன். அக்கா என்னைப் பார்க்காமல் அவர் காலையே பிடித்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஒரு நாளு தாங்கியிருக்கும்டா," என்றார் அப்பா. "மார்கழி மாசந்தானே."